புது காரை ஓட்ட 500 பக்கக் கையேடு படித்தே ஆக வேண்டுமா?

கேள்வியை முதலில் தெளிவாக வைத்துக்கொள்வோம். முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறவர் ஒருவர், அடாஸ் (பிரேக், ஸ்டீயரிங்கில் ஓட்டுநருக்குத் தானே உதவும் வசதிகள்), பெரிய திரை, சாவியில்லா ஸ்டார்ட் எல்லாம் உள்ள புது காரை எடுக்கிறார். கூடவே 500 பக்கத்துக்கு ஒரு கையேடு வருகிறது. சில கம்பெனிகள் அதையும் அச்சடிக்காமல் ஒரு கியூஆர் கோடைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இதைப் படித்தால்தான் வண்டியை ஓட்டலாம் என்பது நியாயமா?

ஓட்டுவதற்கும், அவசரத்தில் நிறுத்துவதற்கும், கதவைத் திறந்து இறங்குவதற்கும் கையேடு தேவைப்படக் கூடாது. அதற்கும் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தால் குறை வடிவமைத்தவர்களுடையது. படிக்காத ஓட்டுநர் மேல் பழி போட முடியாது. ஆனால் இன்றைய வண்டிகளில் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் ஊகிக்கவே முடியாத சில சங்கதிகளும் இருக்கின்றன. அவற்றுக்காக முப்பது, நாற்பது பக்கம் படித்தே ஆக வேண்டும். மீதி 450 பக்கம் தேவைப்படும் நாளில் தேடிப் பார்த்துக்கொள்ள இருக்கிறது.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்பதற்கு நம் ஊர் நடைமுறையே போதும். கையேடு உரிமையாளரிடம் இருக்கும். வண்டியை ஓட்டுவது பல நேரம் வேறொருவர். ஆக்டிங் டிரைவர் வருவார், மாப்பிள்ளை எடுத்துப்போவார், கல்யாண மண்டபத்தில் வாலே பையன் சாவியை வாங்கிப் போவான். காலை ஆறு மணிக்கு வந்து திருச்சி வரை ஓட்டப்போகும் ஆக்டிங் டிரைவரிடம் 500 பக்க ஆங்கிலப் புத்தகத்தை நீட்ட முடியுமா? லைசென்ஸும் உதவாது. இருசக்கர வண்டிக்காவது கியர் உள்ளது, இல்லாதது என்று பிரிவு உண்டு. காருக்கு அதுகூடக் கிடையாது. பழைய ஆல்ட்டோவில் எட்டுப் போட்டு வாங்கிய லைசென்ஸே எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் எலெக்ட்ரிக்குக்கும் செல்லும்.

கார் ஓட்டுவது ஒரு காலத்தில் உண்மையிலேயே புத்தகம் பார்த்துக் கற்க வேண்டிய வேலையாக இருந்தது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் மூன்று பெடல்கள். இடது பெடலை முழுக்க மிதித்தால் லோ கியர், முழுக்க விட்டால் ஹை கியர், பாதியில் வைத்தால் நியூட்ரல். நடுப் பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக். ஆக்சிலரேட்டர் காலுக்கு இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே கையால் இழுக்கும் ஒரு குச்சி. இதில் கைதேர்ந்தவர் வேறு காரில் ஏறினால் திரும்பவும் பூஜ்யத்திலிருந்துதான். பிற்பாடு கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்ற வரிசை உலகம் முழுக்க ஒன்றானது. ஆட்டோமேட்டிக்கிலும் ஆரம்பத்தில் சில கார்களில் லோ கியருக்கு ஒட்டினாற்போலவே ரிவர்ஸ் இருந்தது. ரிவர்ஸுக்கும் முன்னோக்கிப் போகும் கியர்களுக்கும் நடுவே நியூட்ரல் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1968இல் விதியாக்கியது. இப்படி ஒவ்வொன்றாக ஒழுங்கு பட்டதால்தான் யாருடைய காரிலும் ஏறி உட்கார்ந்து ஓட்ட முடிந்தது. கையேடு டேஷ்போர்டிலேயே தூங்கியதற்குக் காரணம் நம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை.

கடந்த இருபது வருடத்தில் அந்த ஒழுங்கு மறுபடி கலைந்திருக்கிறது. கியர் மாற்ற ஒரு வண்டியில் திருகும் குமிழ், இன்னொன்றில் பொத்தான், வேறொன்றில் ஸ்டீயரிங் பக்கத்தில் குச்சி. டெஸ்லாவின் சில மாடல்களில் திரையில் விரலால் இழுக்க வேண்டும். இதன் விலை என்ன என்று காட்டிய வழக்கு ஜீப் கிராண்ட் செரோக்கி. 2014, 2015 மாடல்களில் கியர் லீவரை எந்தப் பக்கம் தள்ளினாலும் கையை எடுத்ததும் நடுவுக்கே திரும்பிவிடும். எந்த கியரில் இருக்கிறோம் என்பதை ஒரு சின்ன விளக்கெழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்கில் போட்டுவிட்டதாக நினைத்து இறங்கியவர்களின் வண்டிகள் உருண்டன. 2016 ஏப்ரலில் அதே லீவர் உள்ள மற்ற மாடல்களையும் சேர்த்து உலக அளவில் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாகக் கம்பெனி அறிவித்தது. ஜூனில் நடிகர் ஆன்டன் யெல்ச்சின் தன் வீட்டு வாசல் சரிவில் உருண்டு வந்த சொந்த வண்டிக்கும் தூணுக்கும் நடுவே சிக்கி இறந்தார். அந்த லீவரை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது கையேட்டில் இருந்தது. தீர்வோ மென்பொருளில் வந்தது: பார்க்கில் போடாமல் ஓட்டுநர் கதவைத் திறந்தால் வண்டி தானே பார்க்குக்குப் போகும். இன்று பல எலெக்ட்ரானிக் கியர் வண்டிகளில் இந்த வசதி உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்பது தெரிந்தே ஆக வேண்டிய சங்கதி.

இன்னொன்று ஸ்டார்ட் பொத்தான். 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ அருகே, டீலர் தற்காலிகமாகக் கொடுத்த லெக்சஸ் இஎஸ் 350-இல் போன நான்கு பேர் இறந்தார்கள். வேறு மாடலுக்கான கனமான ரப்பர் மேட் ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டது. ஓட்டிய நபர் நெடுஞ்சாலைப் போலீஸ் அதிகாரி. வண்டி ஓட்டத் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஓடும்போது இன்ஜினை அணைக்க அந்தப் பொத்தானை 3 வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். இரவல் வண்டியில் அது யாருக்குத் தெரியும்? பதற்றத்தில் மனிதர்கள் பொத்தானைப் படபடவென்று தட்டுவார்களே தவிர, நிதானமாகப் பிடித்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இப்போது பெரும்பாலான கம்பெனிகள் இரண்டையும் ஏற்கின்றன: 2 வினாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்கலாம், அல்லது அடுத்தடுத்து 3 முறை தட்டலாம். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளுவது. இன்ஜின் அலறினாலும் சக்கரத்துக்குச் சக்தி போகாது. பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் உதவியும் போகாமல் இருக்கும். இன்ஜினை முதலில் அணைத்துவிட்டால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்கும் ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். மேட்டை மேட்டின் மேல் போடாதீர்கள் என்பதும் இந்த விபத்து சொன்னதுதான். நம் ஊரில் கம்பெனி மேட்டின் மேல் 7டி மேட் போடுவது சர்வ சாதாரணம்.

கதவும் இப்போது இதே பட்டியலில் சேர்ந்துவிட்டது. மின்சாரத்தில் திறக்கும் கதவுகளில் 12 வோல்ட் பேட்டரி இறந்தாலோ விபத்தில் ஒயர் அறுந்தாலோ உள்ளே இருக்கும் பொத்தான் வேலை செய்யாது. கைமுறையாகத் திறக்க ஒரு வழி இருக்கும், ஆனால் எங்கே? டெஸ்லா மாடல் ஒய்-இல் முன் கதவுக்கு ஜன்னல் பொத்தான்களுக்கு அருகே ஒரு லீவர். பின் கதவுக்கு, கதவுப் பையின் அடியில் உள்ள மேட்டை எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு கேபிளை இழுக்க வேண்டும். அதுவும் எல்லா வண்டியிலும் இல்லை என்று கையேடே சொல்கிறது. புகை சூழ்ந்த காரின் பின் சீட்டில் இருக்கும் பாட்டியோ குழந்தையோ இதைச் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது அபத்தம். சீனா இதற்குக் கட்டாய விதியே கொண்டுவந்துவிட்டது. 2027 முதல் புது மாடல்களின் கதவுகளை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் மின்சாரம் இல்லாமலே திறக்க முடிய வேண்டும்.

திரையைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள், நீட்ட வேண்டாம். 2022இல் ஸ்வீடனின் வி பிலாகரே பத்திரிகை 11 புது கார்களையும் 2005ஆம் வருட வால்வோ வி70 ஒன்றையும் 110 கி.மீ. வேகத்தில் ஓட்டவைத்து, ஏசி, ரேடியோ மாதிரி சில வேலைகளைச் செய்யச் சொன்னது. பழைய வால்வோவில் 10 வினாடி, 306 மீட்டரில் எல்லாம் முடிந்தது. எம்ஜி மார்வெல் ஆர் காரில் ஏறக்குறைய 45 வினாடி, 1,372 மீட்டர். கவனிக்க வேண்டியது, ஓட்டியவர்களுக்கு முன்கூட்டியே வண்டியோடு பழக நேரம் கொடுக்கப்பட்டிருந்தது. அதாவது படித்துத் தெரிந்துகொண்டாலும் கண் சாலையை விட்டு விலகத்தான் செய்யும். ஜெர்மனியில் டெஸ்லா ஓட்டுநர் ஒருவர் மழையில் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றும்போது சாலையை விட்டு விலகி மரத்தில் மோதினார். கார்ல்ஸ்ரூஹே உயர் நீதிமன்றம் 2020இல் அவருக்கு 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டுநர் தடையையும் உறுதி செய்தது. திரையை வைத்தவர்களுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. கார்களின் பாதுகாப்புக்கு மதிப்பெண் போடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டுணரும் பொத்தான் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று வைத்திருக்கிறது. தாமதம், ஆனால் சரியான திசை.

இவ்வளவும் கம்பெனிகள் செய்ய வேண்டியவை. இனி, எவ்வளவு நல்ல வடிவமைப்பாலும் நமக்குச் சொல்லித் தர முடியாதவை. முதல் இடம் அடாஸுக்கு. 2021இல் எம்ஜி ஆஸ்டரும் மஹிந்திரா எக்ஸ்யூவி700-உம் கொண்டுவந்த பிறகு இது நடுத்தர விலைக் கார்களுக்கும் இறங்கிவிட்டது. ஷோரூமில் அது செய்வதைக் காட்டுவார்கள். செய்யாததைக் காட்ட மாட்டார்கள். செய்யாதது எல்லாம் கையேட்டில்தான் இருக்கிறது.

அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஓடும் வண்டியைப் பின்தொடர்ந்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும். ஆனால் அதிக வேகத்தில் போகும்போது அசையாமல் நிற்கும் பொருளை அது நம்பகமாகக் கண்டுகொள்ளாது என்று ஏறக்குறைய எல்லாக் கம்பெனியின் கையேட்டிலும் இருக்கிறது. காரணம் ரேடாரின் இயல்பு. பாலம், பெயர்ப்பலகை, மீடியன் தடுப்பு எல்லாமே அசையாத உலோகமாக ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் நெடுஞ்சாலையில் ஓட்டவே முடியாது. ஆகவே மென்பொருள் அசையாதவற்றை வடிகட்டி ஒதுக்குகிறது. இப்போது நம் தேசிய நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள். பின்விளக்கு இல்லாமல் இடது லேனில் நிற்கும் லாரி, வேகத்தைக் குறைக்க வைத்த போலீஸ் பேரிகேட், சென்டர் மீடியனை வெட்டி நிற்கும் டிராக்டர். ஆபத்தான மூன்றுமே அசையாதவை. இன்னும் மோசமான நிலை ஒன்று உண்டு: நீங்கள் பின்தொடரும் கார் கடைசி நொடியில் விலகும், அதற்கு முன்னால் லாரி நிற்கும். உங்கள் வண்டியோ பாதை காலி என்று நினைத்து வேகத்தைக் கூட்டும்.

தானியங்கி அவசர பிரேக் கேமராவையும் சேர்த்துப் பார்ப்பதால் நிற்கும் வண்டியையும் அடையாளம் காணும். ஆனால் அதற்கு வேக எல்லை உண்டு. எந்த வேகம் வரை முழுமையாக நிறுத்தும், எதற்கு மேல் மோதலின் வேகத்தை மட்டும் குறைக்கும், பாதசாரிக்கும் பைக்குக்கும் எல்லை எவ்வளவு என்று கையேட்டில் அட்டவணையே இருக்கும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாலும் நல்லது. இருட்டில் நடப்பவர்களைக் கண்டுபிடிப்பதில் இந்த வசதி பலவீனம். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019இல் சோதித்த வண்டிகளில் இரவில் அது பயன்படவே இல்லை. புதிய கேமராக்கள் தேறியிருந்தாலும் இரவில் இதை நம்பி வேகமெடுப்பது முட்டாள்தனம்.

வண்டியை லேனுக்குள்ளேயே வைத்திருக்கும் லேன் கீப் வெள்ளைக்கோட்டைப் பார்க்கும், சாலையைப் பார்க்காது. டேக் டைவர்ஷன் போட்ட இடத்தில் பழைய கோடு அழிக்கப்படாமல் இருந்தால் பழைய கோட்டின் பின்னாலேயே போகப் பார்க்கும். கோடு மறைந்துவிட்டால் பல வண்டிகள் சத்தமே போடாது. பச்சையாக இருந்த ஸ்டீயரிங் படம் வெள்ளையாகவோ சாம்பலாகவோ மாறும், அவ்வளவுதான். குழியைத் தவிர்க்க இண்டிகேட்டர் போடாமல் ஒதுங்கினால் ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் இழுக்கும். இது கோளாறு இல்லை, பயப்படவும் வேண்டாம். கையால் கொஞ்சம் அழுத்தித் திருப்பினால் விட்டுக்கொடுத்துவிடும். இண்டிகேட்டர் போட்டால் பொதுவாகத் தலையிடாது.

இங்கே நம் ஊருக்கே உரிய மூன்று கோளாறுகள். கேமரா இருப்பது கண்ணாடியின் மேல் நடுவில், உள் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால். ஃபாஸ்டாக் ஒட்டும் பையன் கைவைப்பதும் சரியாக அதே இடத்தில். அடாஸ் வண்டியில் ஃபாஸ்டாக், டேஷ்கேம், சாமி ஸ்டிக்கர் எதுவும் கேமராவின் பார்வையில் வரக் கூடாது. எங்கே ஒட்டலாம் என்ற படம் கையேட்டில் இருக்கும். ரேடார் முன் கிரில்லிலோ பம்பரிலோ, பெரும்பாலும் லோகோவுக்குப் பின்னால், ஒளிந்திருக்கும். அதன் மேல் குரோம் அலங்காரம், கூடுதல் விளக்கு, மாலை எதுவும் ஆகாது. முன் கண்ணாடியை மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவுசெய்ய வேண்டும். வெளிக் கடையில் கண்ணாடியை மட்டும் மாற்றிவிட்டு வந்தால் எச்சரிக்கை விளக்குகூட எரியாமல் கேமரா ஒரு டிகிரி தவறாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்து கியர்பாக்ஸ். ஏஎம்டி பார்வைக்கு ஆட்டோமேட்டிக்; உள்ளே சாதாரண கியர்பாக்ஸும் கிளட்சும்தான், கிளட்சை மிதிப்பது ஒரு மோட்டார். எனவே ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்து வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் கருகும். பெரும்பாலான ஏஎம்டியில் பார்க் கிடையாது. நிறுத்தும்போது நியூட்ரலில் விட்டுப் போனால் ஹேண்ட்பிரேக் ஒன்றுதான் வண்டியைப் பிடித்திருக்கும். கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, பிறகு இன்ஜினை அணைக்க வேண்டும். மறுநாள் பிரேக்கை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். இது தெரியாமல் "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுகிறவர்கள் ஏராளம்.

உலர் கிளட்ச் டிசிடியில் (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) சூடுதான் எதிரி. நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளட்ச் பாதி பிடித்தபடியே உரசும். முன்னால் நாலைந்து மீட்டர் இடைவெளி விழட்டும், பிறகு ஒரேயடியாக நகருங்கள். சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி, பார்க்கில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டே ஆறவிடச் சொல்லும் கையேடுகள் உண்டு. பதற்றத்தில் நாம் செய்வது நேரெதிர், உடனே அணைத்துவிடுவோம்.

பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்கள் டிபிஎஃப் பக்கத்தைத் தவறவிடக் கூடாது. புகையிலுள்ள கரியை டிபிஎஃப் என்ற வடிகட்டி பிடித்துவைத்து, அவ்வப்போது அதிக வெப்பத்தில் எரிக்கும். தினமும் ஐந்து கி.மீ. மட்டும் ஓட்டினால் அந்த வெப்பம் வராது, கரி சேரும், விளக்கு எரியும். அப்போது நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்துக்கு மேல், இறங்காமல் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் தானே சுத்தமாகிவிடும். சரியான வேகமும் ஆர்பிஎம்மும் வண்டிக்கு வண்டி மாறும். விளக்கைக் கண்டுகொள்ளாவிட்டால் வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும், பிறகு சர்வீஸ் சென்டரில் கருவி வைத்துத்தான் எரிக்க வேண்டும். பாதி எரிப்பிலேயே அடிக்கடி அணைத்தால் டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் அளவு கூடும். ஆயில் அளவு கூடுவது நல்ல செய்தி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஹைப்ரிட்டில் ஒரே ஒரு சொல்: ரெடி. அந்த விளக்கு எரிந்தால் வண்டி ஓடத் தயாராக இருக்கிறது, சத்தம் இல்லை என்றாலும். அணைக்காமல் இறங்கினால் பேட்டரி குறையும்போது இன்ஜின் தானே ஸ்டார்ட் ஆகும். மூடிய கராஜில் அது கார்பன் மோனாக்சைடு ஆபத்து. பானெட்டைத் திறந்து கைவிட்டிருக்கும் மெக்கானிக்குக்கும் ஆபத்துதான்.

எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கைப் பற்றித் தெரிய வேண்டியவை மூன்று. கால் பிரேக் செயலிழந்தால் அந்தச் சுவிட்சை இழுத்துப் பிடித்தபடியே இருங்கள், வண்டி கட்டுப்பாட்டோடு நிற்கும். 12 வோல்ட் பேட்டரி இறந்தால் பிரேக் விடுபடாது. ஜம்ப் கொடுத்தால்தான் தள்ளவே முடியும். பின் பிரேக் பேடு மாற்ற மெயின்டனன்ஸ் மோடுக்குப் போக வேண்டும். அது தெரியாத பட்டறையில் பிஸ்டனை கிளாம்ப் போட்டு அழுத்தி மோட்டாரை உடைத்துவிடுவார்கள். ஹில் ஹோல்டையும் ஆட்டோ ஹோல்டையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். ஆட்டோ ஹோல்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கும் வரை பிடித்திருக்கும், ஹில் ஹோல்டு ஏறக்குறைய 2 வினாடிதான் பிடிக்கும்.

ஸ்மார்ட் சாவியின் பேட்டரி தீர்ந்தால் சாவிக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி இருக்கும்; கதவுக் கைப்பிடியின் மூடிக்கு அடியில் துவாரம். உள்ளே போனதும் சாவியையே ஸ்டார்ட் பொத்தானின் மேல் ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் கிளம்பிவிடும். சிலவற்றில் சாவியை வைக்கும் இடம் கப் ஹோல்டரிலோ நடுப் பெட்டியிலோ இருக்கும். பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை, ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டிருக்கிறது என்றால் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டியபடி அழுத்துங்கள்.

எச்சரிக்கை விளக்குகளில் சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் பார் என்பது பொதுவாகச் சரி. ஆயில் கேன் சிவப்பாக எரிந்தால் அடுத்த பங்க் வரை ஓட்டிப் பார்க்கும் பேச்சே இல்லை. ஓரம்கட்டி உடனே அணைக்க வேண்டும். ஆனால் நிறத்தை வைத்துத் தெரியாததும் உண்டு. செக் இன்ஜின் விளக்கு மஞ்சளாக நிலைத்து எரிந்தால் நிதானமாகப் போகலாம். அதுவே விட்டுவிட்டு எரிந்தால் இன்ஜினில் மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அதை உருக்கும். டயர் காற்று விளக்கு நிலைத்து எரிந்தால் காற்று குறைவு. ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு நிலைத்தால் சென்சாரில் கோளாறு. சக்கரத்தின் வேகத்தை வைத்துக் கணக்கிடும் வகையில் காற்றடித்த பிறகு ரீசெட் செய்யாவிட்டால் விளக்கு பொய் சொல்லும்.

எலெக்ட்ரிக் வண்டியில் படிக்க வேண்டியவை குறைவு, ஆனால் கட்டாயம். இழுத்துச் செல்ல வேண்டியிருந்தால் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. நான்கும் மேலே ஏறும் பிளாட்பெட்தான் பாதுகாப்பு. சார்ஜர் துப்பாக்கி மாட்டிக்கொண்டால் விடுவிக்கும் கயிறு எங்கே இருக்கிறது? 12 வோல்ட் பேட்டரி எங்கே, அதற்கு ஜம்ப் எப்படி? எத்தனை சதவீதம் வரை தினமும் ஏற்றலாம், எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி என்றால் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை 100% ஏற்ற வேண்டும்? இவற்றுக்குப் பக்கத்து வீட்டு எலெக்ட்ரிக் காரை வைத்துப் பதில் சொல்ல முடியாது, பேட்டரியின் ரசாயனமே வேறாக இருக்கும்.

எப்படிப் படிப்பது? டெலிவரி நாளில் கற்றுக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். பூஜை, போட்டோ, எலுமிச்சம்பழம் எல்லாம் போக, சேல்ஸ்மேன் விளக்கத்துக்கு இருபது நிமிடம் மிஞ்சினால் அதிகம்; அதிலும் பாதி சன்ரூஃபுக்குப் போய்விடும். வீட்டு வாசலில் நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கையேட்டில் வார்னிங் என்ற பெட்டி உயிருக்கும் உடம்புக்கும். காஷன் அல்லது நோட்டீஸ் என்பது வண்டிக்கு. முதல் சுற்றில் வார்னிங் பெட்டிகளை மட்டும் பாருங்கள். எல்லாவற்றையும் வக்கீல்கள் கேட்டு எழுதவைத்ததால் பக்கத்துக்கு மூன்று எச்சரிக்கை இருக்கும், முக்கியமானது அதில் மூழ்கிப்போகும். ஆகவே ஏர்பேக், குழந்தை இருக்கை, அவசர நிலை, அடாஸ் வரம்புகள் ஆகிய நான்கு பகுதிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏர்பேக் பகுதியில் இரண்டு சங்கதி: முன் சீட்டில் பின்பார்த்த குழந்தை இருக்கை வைப்பதானால் அந்த ஏர்பேக்கை அணைத்தாக வேண்டும், பக்க ஏர்பேக் உள்ள சீட்டுக்குக் கண்ட உறையையும் இறுக்கித் தைத்துப் போட்டால் அது விரிய இடமிருக்காது.

ஒரே கையேடு எல்லா வேரியன்டுக்கும் அச்சடிக்கப்படுவதால் நட்சத்திரக் குறி போட்டதெல்லாம் உங்கள் வண்டியில் இருக்காது. இருப்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மென்பொருள் அப்டேட் வந்தால் அச்சுக் கையேடு பழசாகிவிடும், திரையிலுள்ளதுதான் புதியது. ஆனால் திரைக் கையேட்டை மட்டும் நம்பியிருந்தால் பேட்டரி இறந்த நாளில், ஜம்ப் கொடுப்பது எப்படி என்ற பக்கமும் அதோடு சேர்ந்து இறந்திருக்கும். கம்பெனியின் இணையதளத்திலிருந்து பிடிஎஃப்பை இறக்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். தேடுவதும் சுலபம்: டோயிங், ஜம்ப் ஸ்டார்ட், எமர்ஜென்சி ஸ்டாப், லிமிட்டேஷன் என்று ஆங்கிலத்தில் தட்டினால் பத்து வினாடியில் பக்கம் கிடைக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் வின் எண்ணில் (சேசிஸ் எண்) உள்ள மாடல் வருடத்தைப் பார்த்து அதற்குரிய கையேட்டையே இறக்க வேண்டும். ஃபேஸ்லிஃப்டுக்கு முன்னும் பின்னும் ஒரே பெயர்தான், உள்ளே வேறு வண்டி.

வண்டியை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது சொல்ல வேண்டியது ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும். கியரை எப்படிப் பார்க்கில் போடுவது, போட்டது எதில் தெரியும். ஏஎம்டி என்றால் பார்க் இல்லை என்பது. பார்க்கிங் பிரேக் எங்கே. ஓடும்போது அணைக்கும் முறை. பின் கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது. டேங்கில் ஊற்ற வேண்டிய எரிபொருள். டீசலில், புகையைச் சுத்தமாக்கும் டெஃப் திரவத்துக்குத் தனி மூடி இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள், அது டீசல் டேங்கில் போய்விட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துப்போய் டேங்கைக் கழற்ற வேண்டியிருக்கும். அடாஸ் பழகாதவர் என்றால் லேன் கீப்பையும் குரூஸையும் அணைத்துவிட்டுக் கொடுங்கள், அவசர பிரேக்கை மட்டும் அணைக்காதீர்கள். பல வண்டிகளில் லேன் கீப் அடுத்த ஸ்டார்ட்டில் தானே திரும்ப ஆன் ஆகிவிடும் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் டீக்கடையில் நிறுத்திக் கிளம்பிய பிறகு ஸ்டீயரிங் இழுக்கிறது என்று உங்களுக்குத்தான் போன் வரும்.